வரவேற்புப் பாட்டு

அவன் நீட்டிய கையை அவள் தொடவில்லை.

கை அந்தரத்தில் நின்றது. சுத்தமான கை. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தான். இன்னொரு கையில் சிவப்பு நாடா கட்டிய கேக் பெட்டி.

"கை குடுக்க மாட்டீங்களா ஆண்ட்டி?" என்று சிரித்தான். "நான் முகுந்தன். கோமளாவோட வீட்டுக்காரர். கிள்ளான்லேர்ந்து வரேன். விடியக்காலையிலே கிளம்பினது."

பாஞ்சாலை கதவின் பித்தளைப் பிடியை விடவில்லை. இருபத்தாறு வருஷமாக சுங்கை கெலாடி தமிழ் மெதடிஸ்ட் சபையின் வாசலில் நிற்கிறவள் அவள். வருகிறவருக்குக் கை கொடுப்பாள், பாட்டுப் புத்தகம் கொடுப்பாள், முட்டி வலிக்காரரை ஓரத்து இருக்கையிலும் இருமல்காரரை ஜன்னல் பக்கமும் உட்காரவைப்பாள். குடித்துவிட்டு வந்தவனுக்கும் கை கொடுத்திருக்கிறாள். மதம் மாற்றுகிறீர்களா என்று சண்டைக்கு வந்தவருக்குக் கை கொடுத்து, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். கை கொடுக்காமல் ஒருவரை நிற்கவைத்தது இதுதான் முதல் தடவை.

"அப்படி யாரும் இங்க வரல," என்றாள். "தப்பான எடம்."

அவன் அவசரப்படவில்லை. கேக் பெட்டியை நாற்காலியில் வைத்தான். கைப்பேசியை எடுத்து, தேய்த்து, அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

சபையின் முகநூல் பக்கத்தில் மூன்று வாரங்களுக்கு முன் போட்ட படம். கோமளாவின் முகத்தை மறைத்து ஒரு பெரிய சிவப்பு இதயம். அந்த இதயத்துக்குப் பக்கத்தில், எதுவும் மறைக்காமல், ஆறு வயது தர்ஷினி. சபைப் பெயர் போட்ட குவளையைப் பிடித்துக்கொண்டு, விழுந்த பல் தெரியச் சிரிக்கிறாள். பின்னால் பதாகையில் சபையின் பெயர், ஊரின் பெயர், 'எல்லாரும் வாருங்கள்'.

"அம்மா மூஞ்சில இதயத்த ஒட்டிட்டா புருசனுக்குத் தெரியாமப் போயிடுமா ஆண்ட்டி? இது என் மக. அந்த கவுன நான்தான் வாங்கினேன்." கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டான். "எல்லாரும் வாங்கன்னு நீங்கதான போட்டிருக்கீங்க. வந்துட்டேன்."

அந்தப் படத்தை அழி என்று பாஞ்சாலை சொல்லியிருந்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. வரவேற்புக் குழுவை நடத்தும் ஷேரனிடம் நின்று, கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். "சரி ஆண்ட்டி, பண்ணிடறேன் ஆண்ட்டி" என்றாள் ஷேரன். பண்ணியது இதுதான். இரண்டாவது தடவை கேட்டபோது, "அந்தப் படத்துக்குத்தான் ஆண்ட்டி நெறைய லைக்கு. மாநாட்டு அறிக்கையில போடணும்னு எட்வின் ஐயா சொன்னாரு. அதான் மூஞ்ச மறைச்சிட்டேன்ல?" என்றாள். மூன்றாவது தடவை கேட்டபோது முகம் சுளித்தாள்.

ஆனால் ஷேரன் மேல் மட்டும் கோபப்பட பாஞ்சாலையால் முடியவில்லை.

கோமளா வந்த அன்று பாஞ்சாலை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். மணிக்கட்டில் பச்சையும் மஞ்சளுமாய்ப் பரவியிருந்த கன்றலைப் பார்த்தவுடன் அஞ்சு நாள் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டாள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்தாள். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தாள்.

பிறகு ஷேரன் ஒலிவாங்கியைப் பிடித்தாள். புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். சபை முழுவதும் திரும்பிப் பார்த்துக் கை தட்டி வரவேற்புப் பாட்டுப் பாடும். குவளை கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். எத்தனையோ வருஷத்துப் பழக்கம். வேறு சபைகளிலிருந்து வருகிறவர்கள் மெச்சிவிட்டுப் போவார்கள்.

கோமளா எழவில்லை. தலையைத் திருப்பி பாஞ்சாலையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வார்டில் நூறு தடவை பார்த்தவள்தான் பாஞ்சாலை. ஆனால் அன்றைக்கு அவள் வார்டில் இல்லை, வாசலில் இருந்தாள். வாசலுக்கென்று ஒரு சிரிப்பு வைத்திருந்தாள். அந்தச் சிரிப்பு தானாக வந்துவிட்டது.

"எந்திரிம்மா. ஒரு நிமிசம்தான். ஒன்னும் ஆகாது."

ஒன்றும் ஆகாது என்று அவள் வாயாலேயே சொன்னாள். அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

ஆராதனை முடிந்தபின் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய் உட்காரவைத்தபோதுதான் கோமளா வாயைத் திறந்தாள். தோளிலிருந்து முழங்கை வரை இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து சேர்ந்த கதை. பையிலிருந்த பழைய எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டினாள். போலீஸ் வேண்டாம், அவருக்கு அங்கே ஆள் இருக்கிறது என்றாள். அன்றைக்கே பாஞ்சாலை தன் அடுக்குமாடி வீட்டின் பின்னறையைக் காலி செய்துகொடுத்தாள். மூன்று வாரம். பிள்ளை சோறு சாப்பிடத் தொடங்கியிருந்தது. கோமளா இரண்டு தடவை சிரித்திருந்தாள்.

இப்போது அவன் வாசலில் நிற்கிறான். கோமளா பின்னால் சமையலறையில் மதியச் சாப்பாட்டுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறாள். தர்ஷினி ஞாயிறு பள்ளியில் படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளே முதல் பாட்டு மூன்றாம் அடிக்கு வந்துவிட்டது.

"என்ன பாஞ்சாலை, வாசல்ல என்ன பேச்சு?"

எட்வின் சற்குணம் வெளியே வந்தார். செயற்குழுத் தலைவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முப்பது வருஷம் பாடம் நடத்தியதில் எதிரில் இருப்பவர் நாலாம் வகுப்பு என்ற நினைப்புப் போகவில்லை.

"சார், வணக்கம்," என்றான் முகுந்தன். குரலே மாறிவிட்டது. "ஆராதனைக்கு வந்தேன் சார். ஆண்ட்டி உள்ள விட மாட்டேங்கறாங்க."

"ஐயா, இவன் கோமளாவோட புருசன். சொல்லியிருக்கேன்ல உங்ககிட்ட? கைய முறிச்சவன். உள்ள விடாதீங்க."

எட்வின் அவனைப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை, கேக் பெட்டி. பிறகு பாஞ்சாலையைப் பார்த்தார்.

"குடும்ப விசயத்த அப்புறம் பேசிக்கலாம். ஆராதனைக்கு வந்த ஆளை மறிக்கிற பழக்கம் நம்ம சபையில இல்ல. உன்னை யாரும் மறிச்சாங்களா அன்னிக்கு?"

அன்றைக்கு என்று அவர் சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. ரப்பர் தோட்டத்து லய வீட்டிலிருந்து, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன புருசன் திரும்பி வராமல் போன மறுவருஷம், இடுப்பில் ஒரு பிள்ளையோடு மழைக்கு இங்கே ஒதுங்கினாள். நெற்றியில் பொட்டு, காலில் சேறு. எல்லோரும் முன்னால் போகிறார்களே என்று அவளும் போனாள். மரக்கிராதியின் முன் எல்லோரும் மண்டியிட்டார்கள்; அவளும் மண்டியிட்டாள். அது திருவிருந்து என்று தெரியாது. அப்போதிருந்த போதகர் அவள் கையிலும் ஒரு துண்டு ரொட்டியை வைத்தார். பிறகு இதே எட்வினின் அப்பா, ஞானஸ்நானம் வாங்காதவளுக்கு எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, 'மேசை நம்முடையது இல்லையே' என்று போதகர் சொன்னாராம். பெயரையும் மாற்ற வேண்டாம் என்றார். பாஞ்சாலை என்ற பெயரிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார். மெதடிஸ்ட் போதகர்களை ஒரே ஊரில் விட்டுவைக்க மாட்டார்கள்; அவரையும் நாலு வருஷத்தில் மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பின் ஏழு பேர் வந்துவிட்டார்கள். அவள் வாசலில் நின்றாள்.

அந்தக் கதையைத்தான் எட்வின் இப்போது அவள் மூஞ்சியில் வீசினார்.

"நான் யார் கையையும் முறிச்சிட்டு வரல ஐயா."

"தேவ சந்நிதானத்துல எல்லாரும் பாவிதான். தள்ளு."

"தள்ள மாட்டேன்."

"பாஞ்சாலை!"

அவர் அவள் கையைக் கதவிலிருந்து எடுத்தார். வலிக்கும்படி இல்லை. பிள்ளையின் கையிலிருந்து எதையோ வாங்கிவைப்பதுபோல. பிறகு முகுந்தனின் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனார். போகிறவன் திரும்பி, "கேக்க ஃபிரிட்ஜுல வச்சிடுங்க ஆண்ட்டி, உருகிடும்" என்றான்.

அவள் ஓடினாள். அறுபத்திரண்டு வயதில் ஓடக்கூடிய அளவுக்கு. பக்கவாட்டுச் சந்து, கால்வாய், சமையலறை.

சமையலறையில் சரோஜா பெரிய சட்டியில் அரிசி சேமியா போட்டு மீகூன் கிளறிக்கொண்டிருந்தாள். மாதர் சங்கத்தில் அவளுக்குத்தான் வாய் நீளம். "என்னக்கா, சபைக்குள்ள புலி பூந்துடுச்சா?"

"கார் சாவி எங்க?"

"எதுக்கு?"

"அவன் வந்துட்டான். உள்ள உக்காந்திருக்கான்."

சரோஜா அகப்பையைக் கீழே வைத்தாள். "யாரு விட்டது?"

"எட்வின்."

"அந்த மனுசன் செத்தாலும் திருந்த மாட்டான் லா."

கோமளா கத்தியை வெங்காயத்தின் பக்கத்தில் நேராக வைத்தாள். "தர்ஷினி," என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிறு பள்ளி அறையிலிருந்து பிள்ளையைத் தூக்கும்போது, வர்ணப் பென்சிலை விட மாட்டேன் என்று பிள்ளை அழுதது. பாஞ்சாலை பென்சிலோடு தூக்கினாள். பின்வாசல் கம்பிக் கதவு துருப்பிடித்து இறுகியிருந்தது. சரோஜா காலால் உதைத்தாள். வெளியே நின்ற அவள் காரின் பின்னிருக்கையில் தாயையும் பிள்ளையையும் படுக்கவைத்து மேலே மேசைத்துணியைப் போட்டார்கள்.

"என் வீட்டுக்கு வேணாம்," என்றாள் பாஞ்சாலை. "என் வீட்ட யாராவது காட்டிக் குடுத்துருவாங்க. ஒன் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோ. எங்கன்னு யார்கிட்டயும் சொல்லாத."

"எட்வின் கேட்டா?"

"எங்கிட்ட அனுப்பு."

கார் போன பிறகு அவள் அங்கேயே நின்றாள். அடுப்பில் மீகூன் அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. போய் அடுப்பை அணைத்தாள். அப்போதுதான் அது கேட்டது.

கைதட்டல். நூற்றைம்பது பேர் சேர்ந்து தட்டும் தாளம். அதன்மேல் வரவேற்புப் பாட்டு.

அவனை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குப் பாடுகிறார்கள். குவளை கொடுப்பார்கள்.

சமையலறைக் கதவு வழியாகவே அவள் உள்ளே போனாள். ஈரச் செருப்பைக் கழற்றவில்லை. நடுவழியில் நடந்தபோது ஒவ்வொரு வரிசையாகக் கைதட்டல் குறைந்தது. அவள் முகத்தைப் பார்த்துக் குறைந்தது. ஷேரன் கையில் குவளை. முகுந்தன் மூன்றாம் வரிசையில் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, பணிவாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாட்ட நிறுத்துங்க."

விசைப்பலகை வாசித்தவர் இன்னும் நாலு கட்டை அழுத்திவிட்டு நிறுத்தினார்.

"இவன் கோமளா புருசன். கோமளா யாருன்னு ஒங்களுக்கெல்லாம் தெரியும். மூனு வாரமா ஒங்களுக்கு மீகூன் போடுறவ. அவ கைய ரெண்டு எடத்துல முறிச்சவன் இவன். அவ ஒளிஞ்சிருந்தா. நாமதான் படம் புடிச்சு, ஊர் பேரு போட்டு, இங்க இருக்கா வாடான்னு காட்டிக் குடுத்தோம். இப்ப கை தட்டுறீங்க. தட்டுங்க. இன்னும் நல்லாத் தட்டுங்க."

இங்கே வந்து பத்து மாதமே ஆன இளம் போதகர் ஜொனாஸ், பிரசங்க மேடையில் புத்தகத்தைப் பிடித்தபடி நின்றார்.

பேசியது முகுந்தன். அவன் தலை குனிந்தான். தோள்கள் குலுங்கின.

"உண்மைதான்," என்றான். "ஆண்ட்டி சொல்றது எல்லாம் உண்மை. நான் பாவி. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

வரிசையை விட்டு வெளியே வந்து, அவளைக் கடந்து முன்னால் போய், மரக்கிராதியின் முன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு மண்டியிட்டான். எங்கிருந்தோ ஒரு பெண்குரல் "ஸ்தோத்திரம்" என்றது. பின்னால் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். எட்வின் எழுந்து வந்து, அழுகிறவனின் முதுகில் கை வைத்தார். சபை உருகிக்கொண்டிருந்ததை பாஞ்சாலை பார்த்தாள். கோமளாவுக்காக இப்படி ஒருவரும் உருகவில்லை. கோமளா அழாமல் வெங்காயம் வெட்டினாள், அதனால் இருக்கலாம்.

அவள் கிராதிக்குப் பக்கத்தில் போய் அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். கண் காய்ந்து கிடந்தது. விரல் இடுக்கு வழியாக அவன் பக்கவாட்டுக் கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறைக் கதவை. ஞாயிறு பள்ளிக் கதவை.

மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்து இருந்தது. போதகர் ஜொனாஸ் அவன் கையிலும் ரொட்டியை வைத்தார். எல்லோரும் வரிசை வரிசையாக முன்னால் போனார்கள். பாஞ்சாலை போகவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாகக் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டிப்போக வந்த பெண்ணிடம், "போயிடு," என்றாள்.

ஆராதனை முடிந்ததும் போதகரின் அறைக்கு வரச் சொன்னார்கள். எட்வின், போதகர், ஷேரன். முகுந்தன் வெளியே நாற்காலியில் கேக் பெட்டியை மடியில் வைத்துக் காத்திருந்தான்.

"கோமளா எங்க?" என்றார் எட்வின்.

"தெரியாது."

"பொய் சொல்லாத. சபைக் கட்டடத்துல நின்னுக்கிட்டு."

"சபைக் கட்டடத்துல நின்னுக்கிட்டுத்தான் அவன் அழுதான். அது நெசமா?"

"இதயத்த நீ பாத்தியா? கர்த்தர் பாக்கிறாரு."

"நான் கைய பாத்தேன் ஐயா. எக்ஸ்ரேய பாத்தேன். அது போதும் எனக்கு."

போதகர் ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "சிஸ்டர், ரெண்டு பேரையும் உக்காரவச்சுப் பேசலாம். நான் கூட இருப்பேன். ஆலோசனைன்னு ஒன்னு இருக்குல்ல..."

"பாஸ்டர், நீங்க இன்னும் ரெண்டு வருசத்துல வேற ஊருக்குப் போயிடுவீங்க. எட்வின் ஐயா வீட்டுக்குப் போய்த் தூங்குவாரு. அவ அந்த ஆளோட கார்ல ஏறிக் கிள்ளானுக்குப் போகணும். கார்ல நீங்க இருப்பீங்களா?"



"படத்த எடுத்துட்டேன் ஆண்ட்டி," என்றாள் ஷேரன் மெதுவாக. அழுதிருந்தாள்.

"இப்ப எடுத்தா என்ன, எடுக்கலன்னா என்ன? ஒன் இதயத்தத் தூக்கி அவன்கிட்டயே குடு. வாங்கிட்டுப் போகட்டும்." பிறகு விரலைத் தன் பக்கம் திருப்பினாள். "எந்திரின்னு சொன்னவ நானு. அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க ஒங்களுக்குச் சொல்லிக்குங்க."

எட்வின் கண்ணாடியைக் கழற்றினார். அது முடிவு சொல்லும்போது அவர் செய்வது. "உனக்கு வயசாகுது பாஞ்சாலை. ரொம்ப நாளா நின்னுட்ட. கொஞ்ச காலம் ஓய்வு எடு. வாசல ஷேரன் டீம் பாத்துக்கும். அந்தப் பேட்ஜக் குடு."

அவள் சேலையிலிருந்த பேட்ஜைத் தொட்டாள். கழற்றவில்லை.

"என்னைய இங்க நிறுத்தினது நீங்க இல்ல. என்னைய உள்ள விட்டதும் நீங்க இல்ல. ஒங்க அப்பா எனக்கு ரொட்டி குடுத்ததே தப்புன்னு சொன்னாரு, தெரியுமா?" எட்வினின் முகம் மாறியது; பாஞ்சாலைக்கு அதில் சந்தோஷம் வந்தது, மறைக்கவில்லை. "நான் எங்கயும் போக மாட்டேன். வேற சபைக்கும் போக மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாசல்ல நிப்பேன். எல்லாருக்கும் கை குடுப்பேன். ஒங்களுக்கும் குடுப்பேன். அவன் வந்தா மறிப்பேன். வேணும்னா போலீசக் கூப்புட்டு என்னைய தூக்குங்க."

கதவைச் சாத்தாமல் வெளியே வந்தாள். முகுந்தன் எழுந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை இப்போது.

"எங்க ஆண்ட்டி அவ?"

"இனிமே ஒனக்கு எட்டாத எடத்துல."

அவன் ஓரடி முன்னால் வந்தான். அவள் நகரவில்லை. அறைக்கதவு திறந்திருந்தது, உள்ளேயிருந்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தில் அந்தக் கணம் வந்த வெறியை அவர்களும் பார்த்தார்கள். பிறகு அவன் கேக் பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டுக் காருக்குப் போனான். போதகர் ஜன்னலுக்கு வந்து, வண்டி எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

அன்று இரவு கோமளா போனில், போலீசுக்குப் போகலாம், கிள்ளானில் இல்லை, இங்கே, என்றாள். மறுநாள் திங்கட்கிழமை. காலை ஏழரைக்கு ஷேரன் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காரோடு வந்தாள். பாஞ்சாலை பின்னிருக்கையில் ஏறினாள். வழியில் பேசவில்லை. சரோஜாவின் தங்கை வீட்டில் கோமளாவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டார்கள். போலீஸ் நிலையத்தில் எட்டே முக்கால் முதல் பதினொன்றரை வரை காத்திருந்தார்கள். எழுதிக்கொண்ட பெண் போலீஸ் இரண்டு தடவை கணினியை அணைத்துப் போட வேண்டியிருந்தது. கோமளா மலாயில் சொன்னாள். தேதிகளை பாஞ்சாலை எடுத்துக் கொடுத்தாள். போதகர் வண்டி எண் எழுதிக்கொடுத்த தாளை ஷேரன் கொடுத்தாள். எதிரே கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். பிள்ளை இரண்டு சாப்பிட்டது. பிறகு ஆஸ்பத்திரியில் கையைப் படமெடுத்தார்கள். இரண்டரை மணிக்குச் சமூகநலத் துறையிலிருந்து ஒரு அம்மாள் வந்து, பாதுகாப்பு உத்தரவுக்கான தாள்களில் கையெழுத்து வாங்கினார். தாயையும் பிள்ளையையும் ஒரு விடுதிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. பாஞ்சாலை கேட்கவில்லை. ஒரு பையில் துணிகளும், இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும் கொடுத்தாள். வேன் நாலு மணிக்குப் போனது. எட்வின் மூன்று தடவை அழைத்திருந்தார், அவள் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பின்னறை மெத்தை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டாள். ஆறு மணிக்கு மழை வந்தது. விரிப்பை எடுத்து உள்ளே கொடியில் போட்டாள்.